பட்டியலேறும் டெக் பங்கு: விற்பவர் யார், ஏன் இப்போது விற்கிறார்?

2021 நவம்பர் 18. பேடிஎம் என்று நாம் அறிந்த ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தின் பங்குகள் அன்று முதன்முறையாகச் சந்தையில் கைமாறின. ₹18,300 கோடி திரட்டிய வெளியீடு அது. அதுவரை இந்தியா கண்ட ஐபிஓக்களில், அதாவது முதல் பொது வெளியீடுகளில், அதுவே மிகப் பெரியது. வெளியீட்டு விலை ₹2,150. அன்று மாலை சந்தை முடிந்தபோது விலை ₹1,564. விண்ணப்பிக்கக்கூடிய மிகச் சிறிய தொகுதியான ஒரு லாட்டுக்கு ஆறு பங்குகள் என்பதால், ₹12,900 கட்டியவரிடம் முதல் நாள் முடிவில் இருந்தது ₹9,384.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் ஸொமாட்டோவில் நடந்தது வேறு. விலை ₹76, லாட் 195 பங்குகள், கட்ட வேண்டியது ₹14,820. ஜூலை 23 அன்று ₹116இல் தொடங்கியதும் விண்ணப்பித்துக் கிடைக்காதவர்கள் கையைப் பிசைந்தார்கள். ஓராண்டு கழித்து, 2022 ஜூலை இறுதியில், அதே பங்கு ₹41 அருகே கிடந்தது. லாட்டின் மதிப்பு சுமார் ₹8,000. 2024 டிசம்பரில் விலை ₹300ஐ எட்டியது. லாட்டின் மதிப்பு ₹58,000க்கு மேல். அந்த மாதமே நிறுவனம் சென்செக்ஸ் பட்டியலிலும் இடம்பிடித்தது.

ஸொமாட்டோ நல்ல நிறுவனமா என்று 2021இல் ஒருவர் கேட்டிருந்தால், ஆம் என்று சொன்னவரும் இல்லை என்று சொன்னவரும் அடுத்த மூன்றாண்டுகளில் ஆளுக்கொரு முறை வென்றிருப்பார்கள். புதிதாகப் பட்டியலேறும் தொழில்நுட்பப் பங்குகளில் நிறுவனத்தின் தரம் ஒரு கேள்வி, நாம் கொடுக்கும் விலை இன்னொரு கேள்வி. சிறு முதலீட்டாளர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு விண்ணப்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இதை எனக்கு விற்பது யார்?

பணம் யாருக்குப் போகிறது?

ஐபிஓ என்பது ஒரு தனியார் நிறுவனம் தன் பங்குகளை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்பது. இதில் இரண்டு வகைப் பங்குகள் கலந்து வரும். ஒன்று, நிறுவனம் புதிதாக வெளியிடும் பங்குகள்; அந்தப் பணம் நிறுவனத்தின் கஜானாவுக்குப் போய்த் தொழிலில் செலவாகும். மற்றொன்று ஆஃபர் ஃபார் சேல். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் தங்கள் பங்கை நமக்கு விற்றுவிட்டுப் பணத்தைத் தாங்களே எடுத்துக்கொள்வது. இந்த இரண்டாம் வகையில் நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் சேராது.

ஸொமாட்டோவின் ₹9,375 கோடியில் ₹9,000 கோடி புதிய பங்குகள். மீதி ₹375 கோடிக்கு மட்டுமே பழைய முதலீட்டாளரான இன்ஃபோ எட்ஜ் விற்றது. பேடிஎம்மில் ₹8,300 கோடி நிறுவனத்துக்கு. ₹10,000 கோடி, ஆன்ட், சாஃப்ட்பேங்க் போன்ற பழைய பங்குதாரர்களுக்கு. அழகுசாதனப் பொருள் விற்கும் நைகாவில் சுமார் ₹5,350 கோடியில் புதிய பங்குகள் வெறும் ₹630 கோடிதான்.

ஆஃபர் ஃபார் சேல் இருந்தாலே மோசம் என்று சொல்லிவிட முடியாது. பத்தாண்டுகளுக்கு முன் பணம் போட்ட துணிகர முதலீட்டு நிறுவனத்துக்கு என்றாவது ஒரு நாள் பணத்தைத் திருப்பி எடுக்க வேண்டும். அதன் தொழிலே அதுதான். ஆனால் வீடு விற்பவருக்குத்தான் எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று தெரியும். நிறுவனத்தை உள்ளிருந்து பார்த்தவர்கள், தாங்களே தேர்ந்தெடுத்த நேரத்தில், தாங்களே அமர்த்திய வணிக வங்கிகளைக் கொண்டு விலை குறித்து விற்கிறார்கள். சந்தை சூடாக இருக்கும்போது ஐபிஓக்கள் வரிசை கட்டி வருவதும், சந்தை விழுந்தால் தள்ளிவைக்கப்படுவதும் இதனால்தான்.

விற்பவர் யார், அவருக்கு அந்தப் பங்கு சராசரியாக என்ன விலையில் அடக்கம் என்பது ரெட் ஹெரிங் பிராஸ்பெக்டஸ் என்னும் வெளியீட்டு ஆவணத்தின் முன்பக்கங்களிலேயே இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆவணத்தை முழுதும் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது, எனக்கும் இல்லை. ஆனால் இந்த ஒரு அட்டவணையைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஸொமாட்டோவில் இன்ஃபோ எட்ஜ் 2010இல் முதன்முதலாகப் போட்ட பணம் சுமார் ₹4.7 கோடி. அப்படிப்பட்டவருக்கு ₹76 என்பதும் ₹60 என்பதும் பெரிய வேறுபாடு இல்லை. வாங்கும் நமக்கு அதுதான் எல்லாமே.

பத்து சதவீதம் சொல்லும் செய்தி

பலர் கவனிக்காமல் விடும் ஒரு எண் உண்டு: சிறு முதலீட்டாளர்களுக்கான ஒதுக்கீடு. ஒரு ஐபிஓவில் ₹2 லட்சம் வரை விண்ணப்பிப்பவர் சிறு முதலீட்டாளர். பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியின் விதிப்படி, தொடர்ந்து லாபம் ஈட்டிவந்த நிறுவனம் என்றால் வெளியீட்டில் குறைந்தது 35 சதவீதத்தை இவர்களுக்கு ஒதுக்க வேண்டும். அந்த லாப வரலாறு இல்லாத நிறுவனமும் பட்டியலேறலாம். ஆனால் குறைந்தது 75 சதவீதத்தைப் பரஸ்பர நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு நிதிகள் போன்ற பெரிய நிறுவன முதலீட்டாளர்களிடம் விற்றாக வேண்டும். சிறு முதலீட்டாளருக்கு மிஞ்சுவது அதிகபட்சம் 10 சதவீதம்.

இதன் பின்னாலுள்ள யோசனை எளிது. நஷ்டக் கணக்கு காட்டும் நிறுவனத்தைக் கணக்குப் படிக்கத் தெரிந்தவர்கள் முதலில் எடை போடட்டும், அவர்கள் முக்கால் பங்கை வாங்க முன்வராவிட்டால் வெளியீடே நடக்காது என்பதுதான். ஸொமாட்டோ, பேடிஎம், நைகா மூன்றிலுமே சிறு முதலீட்டாளர் பங்கு 10 சதவீதம். விளம்பரத்தில் நிறுவனம் என்ன சொன்னாலும் சரி, 10 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்தவுடன் வழக்கமான லாபச் சோதனையில் தேறாத நிறுவனம் இது என்று புரிந்துகொள்ளலாம். வாங்கக் கூடாது என்று அதற்குப் பொருளில்லை. வேறு அளவுகோலால் அளக்க வேண்டும் என்று பொருள்.

லாபமே இல்லாத நிறுவனத்துக்கு விலை எப்படி?

வழக்கமாக ஒரு பங்கின் விலையை அதன் ஆண்டு லாபத்தோடு ஒப்பிடுவார்கள். நஷ்டத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு ஓடாது. ஆகவே வருவாயோடு ஒப்பிடுகிறார்கள். 2020-21 நிதியாண்டில் பேடிஎம்மின் தொழில் வருவாய் சுமார் ₹2,800 கோடி, நஷ்டம் சுமார் ₹1,700 கோடி. ₹2,150 என்ற விலையில் நிறுவனத்தின் மொத்த மதிப்பு சுமார் ₹1.39 லட்சம் கோடி. அதாவது ஆண்டு வருவாயைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு. லாபத்தைப் போல் அல்ல, வருவாயைப் போல். சம்பளம், வாடகை, வரி எதுவும் கொடுக்காமல் வருகிற காசு மொத்தத்தையும் பங்குதாரர்களுக்கே அள்ளிக் கொடுத்தாலும், வருவாய் வளராவிட்டால் போட்ட பணம் திரும்ப 50 ஆண்டுகள் ஆகும்.

அதே கணக்கில் ஸொமாட்டோவின் வருவாய் சுமார் ₹1,994 கோடி, நஷ்டம் ₹816 கோடி, மதிப்பு சுமார் ₹60,000 கோடி, 30 மடங்கு. அதுவும் மலிவு இல்லை. ஆனால் இரண்டு நிறுவனங்களும் எதிர்காலத்திடம் கேட்ட கடன் ஒரே அளவு இல்லை என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்தது. பேடிஎம் பட்டியலான அன்றே மெக்குவாரி என்ற தரகு நிறுவனம் அந்தப் பங்குக்கு ₹1,200 போதும் என்று அறிக்கை வெளியிட்டது. அன்று அது கடுமையாகத் தோன்றியது. சில மாதங்களில் சந்தை அதற்கும் கீழே போய்விட்டது. 2024 ஜனவரி இறுதியில் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகள் விதித்த பிறகு, மே மாதத்தில் விலை ₹310 அருகே சென்றது. ரிசர்வ் வங்கியின் நடவடிக்கையை 2021இல் யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் 50 மடங்கு விலை கொடுத்தவருக்குக் கெட்ட செய்தியைத் தாங்க இடமே இல்லை என்பதை அன்றே கணித்திருக்கலாம்.

இந்த நிறுவனங்கள் லாபம் என்று எதைச் சொல்கின்றன என்பதையும் கூர்ந்து பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் காலாண்டில் பேடிஎம் செயல்பாட்டு லாபத்தைத் தொட்டுவிட்டதாக அறிவித்தது, ₹31 கோடி. அதே காலாண்டின் நிகர நஷ்டம் ₹392 கோடி. இரண்டும் உண்மைதான். வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றோடு ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளத்தையும் கழிக்காமல் விட்டால் வருவது முதல் எண். ஊழியருக்குப் பணமாகக் கொடுக்காமல் பங்காகக் கொடுத்தால் செலவே ஆகாது என்பது எனக்கு ஒருபோதும் விளங்காத தர்க்கம். அந்தப் பங்கு யாருடைய உடைமையிலிருந்து போகிறது? ஏற்கெனவே பங்கு வைத்திருக்கும் உங்களுடையதிலிருந்துதான். 'சரிசெய்யப்பட்ட' என்ற அடைமொழியோடு லாபம் வந்தால், எதைச் சரிசெய்தார்கள் என்று அடிக்குறிப்பில் தேடுங்கள்.

எளிதாகக் கிடைத்தால் யோசியுங்கள்

விண்ணப்பிக்கும் முறை இப்போது மிக எளிது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கும் யுபிஐயும் இருந்தால் போதும். பணம் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்பட்டு, பங்கு ஒதுக்கப்பட்டால் மட்டும் எடுக்கப்படும். வெளியீடு முடிந்து மூன்றாவது வேலை நாளில் பங்கு பட்டியலாகிவிடும். சிறு முதலீட்டாளர் பிரிவில் விண்ணப்பங்கள் அளவுக்கு மீறிக் குவிந்தால், குலுக்கல் முறையில் ஆளுக்கு ஒரு லாட். பத்து லாட்டுக்கு விண்ணப்பித்தவருக்கும் ஒரு லாட்டுக்கு விண்ணப்பித்தவருக்கும் அப்போது வாய்ப்பு ஒன்றுதான்.

இந்தக் குலுக்கலில் ஒரு பொறி இருக்கிறது. ஸொமாட்டோவில் சிறு முதலீட்டாளர் பிரிவுக்கு ஏழு மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன, பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. பேடிஎம்மில் 1.66 மடங்குதான், பாதிப் பேருக்கு மேல் கிடைத்தது. எல்லோரும் விரும்பும் வெளியீட்டில் நமக்குக் கிடைப்பதில்லை, மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டதில் தாராளமாகக் கிடைக்கிறது. எல்லா ஐபிஓவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிப்பவரின் டீமேட் கணக்கில் காலப்போக்கில் இரண்டாம் வகைதான் சேரும். பொருளியலாளர் கெவின் ராக் 1986இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 'சராசரி ஐபிஓ முதல் நாளில் இத்தனை சதவீதம் ஏறியது' என்று செய்தியில் வரும் எண், உங்கள் கணக்கில் வரப்போகும் எண் அல்ல.

கிரே மார்க்கெட் பிரீமியம் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலாகும் முன் சந்தைக்கு வெளியே வாய்மொழியாக நடக்கும் பேரத்தின் விலை அது. செபியின் கண்காணிப்பு இல்லை, பதிவு இல்லை, நாளுக்கு நாள் மாறும். டெலிகிராம் குழுக்களில் அதைத்தான் வேதவாக்காகப் பகிர்கிறார்கள். முதல் நாள் மனநிலையைப் பற்றி அது ஏதோ சொல்லலாம்; நிறுவனத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

முதல் நாள் சந்தையில் வாங்கலாமா?

கிடைக்காதவர்கள் பட்டியலான அன்றே சந்தையில் வாங்க ஓடுகிறார்கள். என் கணிப்பில், இருக்கும் வழிகளிலேயே மிக மோசமானது இது. வெளியீட்டு விலையும் கிடைக்கவில்லை, நிறுவனத்தைப் பற்றிய புதிய தகவலும் கிடைக்கவில்லை. பரபரப்புக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்கிறோம். நைகா ₹1,125க்கு வெளியாகி, முதல் நாள் ₹2,200க்கு மேல் முடிந்தது. பின்னர் அது ஒரு பங்குக்கு ஐந்து இலவசப் பங்குகளை போனஸாகக் கொடுத்ததால் அந்த விலைகளை ஆறால் வகுக்க வேண்டும்: வெளியீட்டில் கிடைத்தவருக்கு ₹187.50, முதல் நாள் வாங்கியவருக்குச் சுமார் ₹367. 2023இல் அந்தப் பங்கு ₹150க்கும் கீழே விற்றது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கப் பேராசிரியர் ஜே ரிட்டர், 1975 முதல் 1984 வரை அங்கே பட்டியலான 1,526 நிறுவனங்களை ஆராய்ந்து 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதல் நாள் முடிவு விலையில் வாங்கி மூன்றாண்டுகள் வைத்திருந்தால் கிடைத்தது சராசரியாக 34 சதவீதம். அதே துறையில், அதே அளவில் ஏற்கெனவே சந்தையில் இருந்த நிறுவனங்களில் போட்டிருந்தால் 62 சதவீதம்.

அமெரிக்காவில் சிறு முதலீட்டாளருக்கு இன்னொரு சிக்கல். நம் ஊரில் போல அவர்களுக்கென்று சட்டப்படி ஒதுக்கீடு கிடையாது. பங்குகள் பெரும்பாலும் பெரிய நிதிகளுக்கே போகும். சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானபோது வெளியீட்டு விலை 36 டாலர். சாதாரண வாங்குநர் திரையில் பார்த்த முதல் விலையோ 43.50 டாலர். அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் அது 20 டாலருக்கும் கீழே. நிறுவனம் அப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது; அதன் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் அந்தப் பட்டியலேற்றத்தால் கோடீஸ்வரர்களானதைத் தமிழ்ப் பத்திரிகைகள் கொண்டாடின, அது நியாயமும்கூட. அந்த ஊழியர்களின் கணக்கும் 43.50 டாலர் கொடுத்தவரின் கணக்கும் வேறு என்பதை எந்தத் தலைப்பும் சொல்லவில்லை.

பூட்டு திறக்கும் தேதி

பட்டியலான உடனே எல்லாப் பங்குகளும் சந்தைக்கு வந்துவிடாது. ஐபிஓவுக்கு முன்பிருந்த பெரும்பாலான முதலீட்டாளர்கள் ஆறு மாதம் வரை விற்க முடியாது. 2021இல் ஸொமாட்டோ வந்தபோது இது ஓராண்டாக இருந்தது. வெளியீட்டுக்கு முந்தின நாள் பெரிய தொகை போடும் ஆங்கர் முதலீட்டாளர்களுக்குப் பாதிப் பங்குகள் 30 நாட்களுக்கும் மீதி 90 நாட்களுக்கும் பூட்டப்பட்டிருக்கும். ஆக, முதல் சில மாதங்களில் நாம் பார்க்கும் விலை, மொத்தப் பங்கில் சிறு பகுதியை மட்டும் வைத்து உருவான விலை. வரத்து குறைவு, வாங்க ஆள் நிறைய.

ஸொமாட்டோவின் பூட்டு 2022 ஜூலை 23, சனிக்கிழமை திறந்தது. மொத்தப் பங்குகளில் முக்கால் பாகத்துக்கும் மேல் அன்று விற்பனைக்குத் தகுதி பெற்றது. திங்கட்கிழமை ஒரே நாளில் விலை 11 சதவீதம் சரிந்தது. மேலே சொன்ன ₹41 அந்த வாரத்தில் வந்ததுதான். நிறுவனத்தின் தொழிலில் அந்தச் சனி, ஞாயிறில் எதுவும் நடந்துவிடவில்லை. இந்தத் தேதி ரகசியமும் இல்லை. யார் வேண்டுமானாலும் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கலாம். நைகாவின் போனஸ் 2022 நவம்பரில், பூட்டு திறக்கும் அதே சமயத்தில் வந்ததும், பழைய முதலீட்டாளர்கள் உடனே விற்காமல் தடுக்கத்தான் என்று பலர் குற்றம் சாட்டியதும் இந்தத் தேதியின் வலிமைக்குச் சான்று.

நாம் விற்கும் விதம்

செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை வந்த 144 ஐபிஓக்களில், தனிநபர்கள் தங்களுக்குக் கிடைத்த பங்குகளில் மதிப்பின்படி பாதியை ஒரே வாரத்தில் விற்றிருந்தார்கள். இதில் சுவையான பகுதி வேறு. விலை 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் ஒரு வாரத்தில் விற்றது 67.6 சதவீதம். விலை இறங்கியிருந்தால் 23.3 சதவீதம் மட்டுமே. ஏறியதை விற்றுவிட்டு, இறங்கியதை 'நீண்டகால முதலீடு' என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்கிறோம். விரைவில் விற்க வந்தவரா, ஐந்தாண்டு வைத்திருக்க வந்தவரா என்பதை விலை தீர்மானிக்க விடாமல், விண்ணப்பிக்கும்போதே ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது.

காத்திருப்பதன் விலை

என்னைக் கேட்டால், நஷ்டத்தில் இருக்கும் தொழில்நுட்ப நிறுவனம் என்றால் பட்டியலான பின் குறைந்தது இரண்டு காலாண்டு முடிவுகளைப் பார்த்து, ஆறு மாதப் பூட்டு திறந்த பிறகு முடிவெடுக்கச் சொல்வேன். ஐபிஓவுக்கு முந்தைய கணக்குகள் மேடைக்காகத் தயாரானவை. சந்தை கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகு வரும் கணக்குகளுக்கு வேறு மதிப்பு. பேஸ்புக்கே 2012 மே மாதம் 38 டாலரில் வந்து, செப்டம்பரில் 18 டாலருக்கும் கீழே போனது. நல்ல நிறுவனத்தை நல்ல விலையில் வாங்கச் சந்தை நான்கே மாதத்தில் இரண்டாவது வாய்ப்பைக் கொடுத்தது.

தமிழ்நாட்டில் ஸ்கூட்டர் தயாரிக்கும் இரண்டு நிறுவனங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் 2024 ஆகஸ்ட் 9 அன்று, வெளியீட்டு விலையான ₹76லேயே பட்டியலானது. இரண்டே வாரத்தில் ₹157. எல்லாரும் தவறவிட்டோமே என்றார்கள். அக்டோபரில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் புகார்கள் குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டது. நவம்பருக்குள் விலை ₹76க்குக் கீழே வந்துவிட்டது. 2025இல் ₹50க்கும் கீழே. சர்வீஸ் சென்டர் வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செய்தி பங்குச்சந்தைக்கு முன்பே தெரிந்திருந்தது. காத்திருந்தவர் தப்பித்தார்.

ஐஐடி மெட்ராஸ் மாணவர்கள் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்திருக்கும் ஏதர் எனர்ஜி 2025 மே 6 அன்று பட்டியலானது. வெளியீட்டு விலை ₹321. முதல் நாளே அதற்குக் கீழே முடிந்தது. சீண்டுவாரில்லை. அக்டோபருக்குள் அதன் விலை ₹600ஐத் தாண்டியது. இங்கே ஆறு மாதம் காத்திருந்தவர் ஏறத்தாழ இரு மடங்கு கொடுத்தார், அதுவும் நான் மேலே சொன்ன விதிப்படி நடந்ததால்.